ஜேம்ஸ்டவுன், மேஃப்ளவர், டாரியன், சிட்னி: ஆய்வுக்கு எந்தக் குடியேற்றப் பயணத்தை எடுப்பது?

"தொடக்ககாலக் குடியேற்றப் பயணம் ஒன்றின் திட்டமிடலையும் தலைமையையும் ஆராய்க" என்ற தலைப்பு வரலாற்று முதுகலை மாணவர்களுக்கும் வருகிறது, மேலாண்மை படிப்பவர்களுக்கும் வருகிறது. இரு தரப்பாரும் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பயணத்தை எடுப்பது? பட்டியல் பெரும்பாலும் நான்கில் வந்து நின்றுவிடுகிறது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் (1607), நியூ இங்கிலாந்தின் மேஃப்ளவர் (1620), பனாமா நிலஇடுக்கில் ஸ்காட்லாந்துக்காரர்களின் டாரியன் (1698), ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அணி (1787).

நான்கையும் "வென்றவை, தோற்றவை" என்று பிரித்து, வென்றதில் ஒன்றை எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். இந்தப் பிரிவினை எதற்கும் உதவாது என்பது என் கட்சி. ஜேம்ஸ்டவுனில் முதல் ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அது "வெற்றி" என்று பதிவாகியிருக்கிறது. டாரியனின் பங்குப் பணம் அன்றைய ஸ்காட்லாந்தை வியக்கவைத்த தொகை, அது "தோல்வி". கேட்க வேண்டிய கேள்வி வேறு. திட்டம் போட்டவர்கள் கப்பலில் ஏறினார்களா? ஏறியிருந்தால், இறங்கிய இடத்தில் அவர்களிடம் அதிகாரம் இருந்ததா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் மற்றவை தாமாக விளங்கும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், புறப்பாட்டுக்கு முந்தைய காகிதங்கள். அறிவுறுத்தல்கள், கொள்முதல் கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகியவை இல்லாத பயணத்தில் "திட்டமிடல்" என்று எழுதுவதெல்லாம் நடந்து முடிந்ததை வைத்துப் பின்னால் கட்டிய கதையாகிவிடும்.

இரண்டாவது, கட்டளை எங்கே இருந்தது என்பது. மூன்றாவது, பணம்: யார் போட்டார்கள், எதற்காகக் கூலி கொடுத்தார்கள்? இதை மாணவர்கள் தொடுவதே இல்லை. ஆனால் உயிர்ச்சேதத்துக்கான காரணம் பல இடங்களில் ஒப்பந்த வாசகத்திலேயே கிடக்கிறது.

நான்காவது, திட்டத்தின் பிழையையும் கெட்ட காலத்தையும் பிரித்துக் காட்ட முடிகிறதா என்பது. கடைசியாக, அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள். நான்கு பயணங்களிலும் எழுதிவைத்தவர்கள் வந்தவர்களே. மண்ணின் மக்களை வெறும் "சூழல்" ஆக்காமல் எழுத எந்தப் பயணம் இடம் தருகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

## ஜேம்ஸ்டவுன், 1607

தலைமை எப்படி அமைக்கப்படக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 1606 ஏப்ரலில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் பட்டயம் அளித்தார். டிசம்பர் 20 அன்று சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீடு, டிஸ்கவரி என்ற மூன்று கப்பல்கள் லண்டனிலிருந்து கிளம்பின. கடலில் இருக்கும்வரை அதிகாரம் முழுவதும் கேப்டன் கிறிஸ்டோபர் நியூபோர்ட்டிடம். கரையில் ஆளப்போகும் குழுவின் பெயர்களோ முத்திரையிட்ட பெட்டிக்குள் இருந்தன. போய்ச் சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும், அதற்கு முன் கூடாது என்பது உத்தரவு.

விளைவைப் பாருங்கள். நாளை யார் தலைவர் என்று யாருக்கும் தெரியாமல் நூற்றுச் சொச்சம் ஆண்கள் நான்கு மாதம் நெருக்கியடித்துக் கடலில் கிடந்தார்கள். எதிர்க்காற்றால் முதல் சில வாரங்கள் இங்கிலாந்துக் கரையைத் தாண்டவே முடியவில்லை. கலகம் செய்யத் திட்டமிட்டதாக வழியில் படைவீரர் ஜான் ஸ்மித்தைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1607 ஏப்ரல் 26 அன்று பெட்டியைத் திறந்தால் ஏழு பெயர்களில் ஸ்மித்தின் பெயரும் இருக்கிறது! அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ள ஜூன் வரை ஆயிற்று. பட்டயத்தில் பெயர் குறிக்கப்பட்டவர்களில் இந்தக் கப்பல்களில் ஏறியவர் எட்வர்ட் மரியா விங்ஃபீல்டு ஒருவர்தான். அவரையே தலைவராக்கி, செப்டம்பரில் இறக்கினார்கள். இன்னொரு உறுப்பினரான ஜார்ஜ் கெண்டலைத் துரோகக் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள். 1608 ஜனவரியில் நியூபோர்ட் சரக்கோடு திரும்பி வந்தபோது, தங்கியிருந்த 104 பேரில் உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்.

பயணத்தை அனுப்பிய லண்டன் நிறுவனத்தாரின் அறிவுறுத்தல் ஒன்றும் மோசமானதல்ல. ஆட்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்: 40 பேர் கோட்டை கட்ட, 30 பேர் நிலம் திருத்தி விதைக்க, 10 பேர் காவலுக்கு, மற்ற 40 பேர் நியூபோர்ட்டுடன் ஆற்றையும் கனிமங்களையும் தேட. தாழ்வான ஈரமான இடத்தில் குடியேறாதீர்கள், உடம்புக்கு ஆகாது என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் அதே தாளில், கப்பல் கரையோரம் வரை வர வேண்டும், ஸ்பானியர் தாக்கினால் தாங்கும் இடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. மூன்றும் ஒத்துவரும் இடம் ஆற்றங்கரையில் கிடைக்கவில்லை. கரைமரத்தில் கப்பலைக் கட்டிவைக்கும் அளவுக்கு ஆழமுள்ள இடத்தைப் பிடித்தார்கள், அது சதுப்பு. கோடையில் ஆற்றுநீர் உப்புக்கரித்தது. எந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்லாத திட்டம் இப்படித்தான் முடியும்.

ஆய்வாளருக்கு மறைமுகச் செலவு இங்கே அதிகம். ஜான் ஸ்மித் நன்றாக எழுதுவார், தன்னைப் பற்றி மிக நன்றாக எழுதுவார். அவர் சொல்வதை மற்றவர்களின் குறிப்புகளோடு உரசிப் பார்க்காமல் எடுக்க முடியாது. பழங்குடித் தலைவரின் மகள் போகாஹோன்டஸ் ஸ்மித்தின் உயிரைக் காத்ததாகச் சொல்லும் கதையை விலக்கிவைக்கவே சில பக்கம் செலவாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1998-இல் வெளியான மரவளைய ஆய்வு, அந்த ஆண்டுகளில் அங்கே பல நூற்றாண்டுகளில் காணாத வறட்சி நிலவியதைக் காட்டியது. ஆகவே பஞ்சத்துக்குத் தலைமையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. சோளம் கொடுக்க மறுத்த, அந்தத் தலைவர் பௌஹாத்தனின் மக்களுக்கும் அதே வறட்சிதான் என்ற கோணம் பலர் தொடாதது, எடுப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

## மேஃப்ளவர், 1620

இதை "நம்பிக்கையாளர்களின் பயணம்" என்று எடுத்தால் ஆய்வு பக்திக் கதையாகிவிடும். பணத் தகராறாக எடுங்கள், பிடி கிடைக்கும்.

ஹாலந்தின் லைடன் நகரில் இருந்த இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன ஆங்கிலேயரிடம் போதிய பணம் இல்லை. தாமஸ் வெஸ்டன் என்ற வணிகர் லண்டனில் சுமார் 70 முதலீட்டாளர்களைத் திரட்டினார். ஏழாண்டுக் காலம் எல்லாம் பொதுச் சொத்து, பிறகு பங்கு பிரிப்பது என்று ஒப்பந்தம். வாரத்தில் இரண்டு நாள் தங்களுக்காக உழைத்துக்கொள்ளலாம், வீடும் தோட்டமும் பங்கில் சேராது என்று குடியேறுபவர்கள் நம்பியிருந்தார்கள். கடைசி நேரத்தில் முதலீட்டாளர்கள் இரண்டையும் அடித்துவிட்டார்கள். சவுத்தாம்டனில் இவர்கள் கையெழுத்துப் போட மறுக்க, இனி உங்கள் பாடு என்று வெஸ்டன் கைகழுவினார். துறைமுகக் கடனைத் தீர்க்கப் பணமில்லாமல், கப்பலில் ஏற்றியிருந்த வெண்ணெய்ச் சிப்பங்களில் அறுபது, எண்பது அளவுக்கு இறக்கி விற்றார்கள். செருப்புத் தைக்கத் தோல்கூட இல்லை, ஆளுக்கொரு வாளும் இல்லை என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கொள்முதலை ஒருவரிடம் விடாமல் சிலர் தனித்தனியே செய்ததும், அவர்களில் கிறிஸ்டோபர் மார்ட்டின் கணக்குக் காட்ட மறுத்ததும் அக்காலக் கடிதங்களில் வெளிப்படுகின்றன.

உடன் வந்து ஒழுகிய ஸ்பீடுவெல் கப்பலைக் கைவிட்டு, 102 பயணிகளோடு மேஃப்ளவர் தனியாகப் போய்ச் சேர்ந்த இடம் அவர்களது அனுமதிப் பத்திரத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. எங்களுக்குக் கட்டளையிட இனி யாருக்கும் உரிமையில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதை அடக்க 41 ஆண்கள் கையெழுத்திட்டதுதான் புகழ்பெற்ற மேஃப்ளவர் உடன்படிக்கை. பெரிய அரசியல் தத்துவமாகப் பின்னால் கொண்டாடப்பட்டாலும், கப்பலில் அது அவசரத்துக்குப் போட்ட தையல். அப்படியும் தாங்கியது. ஜேம்ஸ்டவுனில் பெட்டிக்குள்ளிருந்து வந்த தலைமை சில மாதத்திலேயே நொறுங்கியது. இங்கே, முதல் குளிர்காலத்தில் ஏறக்குறையப் பாதிப் பேரைப் புதைத்த பிறகும், 1621 ஏப்ரலில் ஆளுநர் ஜான் கார்வர் இறந்த பிறகும், வில்லியம் பிராட்ஃபோர்டிடம் பொறுப்பு சண்டையில்லாமல் கைமாறியது.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, இங்கிலாந்தின் அன்றைய நாட்காட்டி இன்றையதைவிடப் பத்து நாள் பின்தங்கியது. நூலுக்கு நூல் தேதி மாறும், முதல் பக்கத்திலேயே எந்த முறை என்று சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தின் பளபளப்பு. அவர்கள் குடியேறிய பட்டக்செட் காலி நிலமல்ல. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் ஆளில்லாமல் போன வாம்பனோவாக் ஊர். திட்டத்தில் எங்குமே இல்லாத இந்த "வசதி"யைக் கணக்கில் எடுக்காத எந்த ஆய்வும் அரைகுறை.

## டாரியன், 1698

மேலாண்மை மாணவர்கள் பாய்ந்து எடுப்பது இதைத்தான். ஸ்காட்லாந்து நிறுவனம் 1695-இல் சட்டத்தால் உருவானது. ஆங்கிலேயர்கள் பங்கு வாங்க முன்வந்தார்கள். லண்டன் நாடாளுமன்றம் மிரட்டியதும் விலகினார்கள். ரோஷம் வந்த ஸ்காட்லாந்து, தன் சக்திக்கு மீறி 4,00,000 பவுண்டுக்குக் கையெழுத்திட்டது. யோசனை வில்லியம் பேட்டர்சனுடையது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தை நிறுவக் காரணமானவர்களில் ஒருவர். ஆனால் கூட்டாளி ஒருவர் நிறுவனப் பணத்தைக் கையாடியதில் பேட்டர்சன் பதவியிழந்து, 1698 ஜூலையில் ஐந்து கப்பல்களில் சுமார் 1,200 பேர் கிளம்பியபோது சாதாரணப் பயணியாகத்தான் உடன் போனார். சரக்கறையைச் சரிபாருங்கள் என்று புறப்பாட்டின்போது அவர் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. திட்டம் தீட்டியவர் கப்பலில் ஏறினார், அதிகாரம் ஏறவில்லை.

தலைமை ஏழு பேர் கொண்ட குழு. தலைவர் பதவி வாரத்துக்கு ஒருவருக்கு! தலைக்குத் தலை பெரியதனம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. முந்தைய வாரம் எடுத்த முடிவை மாற்றுவதே அடுத்த வாரத் தலைவரின் வேலையாகிவிடும் என்று பேட்டர்சன் அஞ்சினார், குறைந்தது ஒரு மாதமாவது வையுங்கள் என்றார். வடகாற்று வீசினால் கப்பல் வெளியேற முடியாத விரிகுடா, காய்ச்சல், அந்த மண்ணில் விலைபோகாத கம்பளித் துணியும் சீப்பும் தலைமுடித் தொப்பியும். 1699 ஜூனில் விட்டு ஓடினார்கள். அது தெரியாமல் கிளம்பிய இரண்டாம் அணி நவம்பரில் வந்து பாழடைந்த கோட்டையைப் பார்த்தது. 1700-இல் ஸ்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு பயணங்களிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 2,000 பேர்.

எச்சரிக்கையோடு எடுக்க வேண்டியது இது. ஸ்பெயினைப் பகைத்துக்கொள்ள விரும்பாத மூன்றாம் வில்லியம் மன்னரின் அரசு, ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு உதவக் கூடாது என்று தன் அமெரிக்கக் காலனிகளில் 1699-இல் அறிவித்தது. எனவே இது மேலாண்மைத் தோல்வியா, அரசியல் முற்றுகையா என்ற வழக்கு இன்றுவரை முடியவில்லை. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோது ஸ்காட்லாந்துக்குத் தரப்பட்ட 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங்கில் பெரும்பகுதி இந்த நிறுவனப் பங்குதாரர்களுக்குப் போனது. அந்த வழக்கில் நீங்கள் ஏதாவதொரு பக்கம் நின்றே ஆக வேண்டும். இருபது பக்கக் கட்டுரைக்கு அது பெரிய சுமை.

## முதல் கப்பல் அணி, 1787

காகிதம் என்று பார்த்தால் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 1786 ஆகஸ்ட் 18 அன்று உள்துறை அமைச்சர் சிட்னி பிரபு கருவூலத்துக்கு எழுதிய கடிதத்திலிருந்து, 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பியது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் கடிதம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு அதிகாரிகளும் மருத்துவர்களும் எழுதிய நாட்குறிப்புகளே அரை டஜனுக்கு மேல். பெரும்பாலானவை இணையத்தில் இலவசம்.

இதன் சிறப்பு ஆர்தர் பிலிப். ஆளப்போகிறவரை எட்டு மாதம் முன்னதாகவே நியமித்தார்கள். அந்த எட்டு மாதமும் அவர் அலுவலகங்களை நச்சரித்துக்கொண்டே இருந்தார். கப்பலில் ஏற்றப்பட்ட பெண் கைதிகள் கிட்டத்தட்ட அரைநிர்வாணமாக, அழுக்கோடு வந்தார்கள். அனுப்பிய நீதிபதிகளுக்கு இது அவமானம் என்று எழுதினார். துறைமுகத்தில் காத்திருக்கும்போதே கைதிகளுக்குப் புதிய இறைச்சியும் காய்கறியும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். எல்லாம் கிடைத்துவிடவில்லை. துப்பாக்கிக் குண்டுகள் வந்து சேரவில்லை, ரியோ டி ஜெனிரோவில் 10,000 குண்டு வாங்கினார். பெண்களின் உடைகள் விட்டுப்போயின. ரியோவில் வாங்கிய மரவள்ளி மாவுச் சாக்குகள் கெட்டித் துணியாக இருக்கின்றன, கைதிகளுக்கு உடை தைக்க ஆகும் என்று லண்டனுக்கு எழுதினார். கைதிகளின் தண்டனைக் காலப் பத்திரங்களும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. தண்டனை முடிந்துவிட்டது என்று ஒருவன் வந்து நின்றால் ஆளுநரிடம் பதிலில்லை. இந்தச் சின்ன மறதியை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

எட்டு மாதப் பயணம், சுமார் 1,400 பேர், வழியில் இறந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். 1788 ஜனவரியில் பாட்டனி விரிகுடாவில் நல்ல தண்ணீரும் பாதுகாப்பான துறையும் இல்லை என்று கண்டதும், பிலிப் மூன்று படகுகளில் வடக்கே போய்ப் பார்த்து, சில நாளில் எல்லாரையும் இன்றைய சிட்னி இருக்கும் போர்ட் ஜாக்சனுக்கு மாற்றினார். லண்டனில் முடிவான இடத்தை அங்கேயே மாற்றும் அதிகாரம் ஜேம்ஸ்டவுனில் எவர் கையிலும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. பிறகு பஞ்சம் வந்தபோது தன் சொந்த மாவைப் பொதுக் கிடங்கில் சேர்த்தார். ஆளுநர் வீட்டு விருந்துக்கு வருபவர்கள் ரொட்டியைக் கையோடு கொண்டுவர வேண்டியிருந்தது. 1791-இல் கல்கத்தாவுக்குக் கப்பல் அனுப்பி, அடுத்த ஆண்டு அரிசியும் பருப்பும் வந்திறங்கின.

ஒப்பந்தத்தின் பங்கைக் காட்ட இங்கே ஓர் அருமையான ஒப்பீடு தயாராக இருக்கிறது. 1790-இல் வந்த இரண்டாம் கப்பல் அணி அடிமை வணிகத்தில் பழகிய நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. கப்பலில் ஏறிய தலைக்கு இவ்வளவு என்று கூலி; உயிரோடு இறங்கினார்களா என்பது கணக்கில் இல்லை. சுமார் ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் வழியிலேயே இறந்தார்கள். மிச்சம்பிடித்த உணவைக் கப்பல்காரர்கள் சிட்னியில் கடைபோட்டு விற்றார்கள். அதே அரசு, அதே கடல், மூன்றாண்டு இடைவெளி.

மறைமுகச் செலவு: ஆவணக் கடல். எல்லையை வகுக்காமல் இறங்கினால் கரையேற முடியாது. அடுத்து, பிலிப்பை மகானாக்கும் ஆசை. அந்த மண்ணின் ஈயோரா மக்களோடு இணக்கமாக இருக்கச் சொன்ன அதே ஆளுநர்தான் 1789-இல் அவர்களில் ஒருவரான பென்னலாங்கை ஆள் வைத்துப் பிடித்துவந்தார். 1790-இல் மேன்லி கடற்கரையில் தன்மேல் ஈட்டி பாய்ந்தபோது பழிவாங்க வேண்டாம் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் தண்டனைப் படையையும் அனுப்பினார். 1789-இல் பெரியம்மை ஈயோரா மக்களை வாரிக்கொண்டு போனது. ஜனவரி 26 ஆஸ்திரேலியாவில் இன்றும் சண்டைக்குரிய தேதி. "குடியேற்றம்" என்பதா, "படையெடுப்பு" என்பதா என்று தொடக்கத்திலேயே நிலை எடுக்க வேண்டியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| பயணம் | பணம் | அதிகாரம் | ஆவணம் | பெரிய இடையூறு |
|---|---|---|---|---|
| ஜேம்ஸ்டவுன் | பங்கு நிறுவனம் | முத்திரையிட்ட பெட்டியில் ஏழு பெயர் | அறிவுறுத்தல் உண்டு, கணக்கு குறைவு | ஸ்மித்தின் தற்பெருமை, வறட்சி |
| மேஃப்ளவர் | லண்டன் முதலீட்டாளர்கள் | பயணிகளே அமைத்துக்கொண்டது | கடிதங்கள் அருமை, அளவில் சிறியது | புராணப் பூச்சு, தேதிக் குழப்பம் |
| டாரியன் | ஸ்காட்லாந்துப் பங்குதாரர்கள் | வாரம் ஒரு தலைவர் | நிறுவனக் கணக்குகள் ஏராளம் | அரசியல் வழக்கு |
| முதல் கப்பல் அணி | அரசுக் கருவூலம் | ஒரே ஆளுநர் | மிக அதிகம் | எல்லை வகுப்பது |

1630-இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் மாசசூசெட்ஸ் போன அணியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் நிறுவனத்தின் பட்டயத்தையே கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்; திட்டமும் அதிகாரமும் ஒரே கப்பலில் ஏறின. நேரமிருந்தால் மேஃப்ளவருக்கு இணையாக வைத்துப் பார்க்கலாம். முதன்மை ஆய்வாக எடுக்க இறையியல் வாசிப்பு நிறையத் தேவைப்படும்.

## யாருக்கு எது

திட்டமிடல்தான் உங்கள் கேள்வி என்றால் முதல் கப்பல் அணியை எடுங்கள், அதிலும் 1786 அக்டோபர் முதல் 1787 மே வரை மட்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு, முதல் இரண்டு கப்பல் அணிகளின் ஒப்பந்தங்களை ஒப்பிடுவதைவிடக் கச்சிதமான தலைப்பை என்னால் சொல்ல முடியவில்லை.

தலைமைதான் கேள்வி என்றால் ஜேம்ஸ்டவுனின் முதல் ஒன்பது மாதம். நிறுவனம், பங்கு, முதலீட்டாளர் உறவு என்று போகிறவர்கள் டாரியனை நோக்கி ஓடுவதற்கு முன் மேஃப்ளவரின் சவுத்தாம்டன் கடிதங்களை ஒருமுறை படித்துவிடுங்கள்; சிறிய கணக்கு, ஆனால் எல்லாச் சிக்கலும் அதற்குள் இருக்கிறது. 1627-இல் 1,800 பவுண்டுக்கு முதலீட்டாளர்களைக் கழற்றிவிட உடன்பாடு கண்டு, அந்தக் கடனை ஆண்டுக்கணக்கில் அடைத்த கதையும் கூடவே வரும். டாரியன், ஸ்காட்லாந்து அரசியலில் ஏற்கெனவே வாசிப்பு உள்ளவர்களுக்கு.

இருபது நிமிடக் கருத்தரங்குப் பேச்சுதான் என்றால் மட்டும் டாரியனை யோசிக்காமல் எடுக்கலாம். வாரத் தலைவர் முறையைச் சொன்னதுமே அவை நிமிர்ந்து உட்காரும். அரசியல் வழக்கைக் கேள்வி நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.